காண்டலும் கருதலும்: மேல்வளிமண்டல அடர்த்தி பற்றி ஒரு மறுப்புரை

பூமியின் மேற்பரப்பிலிருந்து 400 கிலோமீற்றர் உயரத்திலே, ஒரு கனமீற்றர் வெளியில் உள்ள வளியின் திணிவு யாது? இவ்வினாவுக்கு இன்று எந்தக் கணினியும் ஒரு கணத்தில் விடை தந்துவிடும். திகதி, நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, சூரியனின் நிலை, புவிக்காந்தத்தின் நிலை என்பனவற்றைக் கொடுத்தால் நான்கு தசமதானங்களுக்கு ஓர் எண் வந்து விழும். அவ்வெண்ணைக் காண்போர், அதனை யாரோ எங்கோ அளந்து வைத்திருக்கின்றனர் என்றே எண்ணுவர். மாணவர் மாத்திரமன்றிச் செய்மதிகளை இயக்குவோருட் பலரும் அவ்வாறு எண்ணியே கருமமாற்றுகின்றனர். அவ்வெண் அளந்து பெறப்பட்டதன்று, அனுமானித்துப் பெறப்பட்டது என்பதும், அவ்வனுமானத்தின் வலுவின்மையை வேண்டியபோதெல்லாம் மறந்துகொண்டே இத்துறை அரை நூற்றாண்டாக நடைபோடுகின்றது என்பதும், மாதிரியுருக்களை மேன்மேலும் பெருக்குவதை விடுத்து அளவீட்டைப் பெருக்கி அதனைப் பொதுச் சொத்தாக்குவதே இன்று செய்யற்பாலது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

நம்முடைய அளவை நூலார் அறிவு வரும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். மலையிலே புகை எழக் கண்டு அங்கு நெருப்புண்டென்று கொள்வது கருதலுக்கு அவர்கள் காட்டும் உதாரணம். புகையும் நெருப்பும் விட்டுப் பிரியாதிருத்தலே அக்கருதலுக்கு ஆதாரம். அத்தொடர்பு அறுமிடத்துக் கருதல் போலியாகிவிடும். இப்பாகுபாட்டை ஈண்டு நினைவுகூர்வது அலங்காரத்துக்காகவன்று. மேல்வளிமண்டல ஆய்விலே கருதல் காண்டலின் வேடம் பூண்டு நிற்கின்றது என்பதே எமது குற்றச்சாட்டாகலின், அவ்வேடத்தைக் களைவதற்கு இதனினும் ஏற்ற கருவியை யாம் காணவில்லை.

முதலிற் பொருளை நோக்குவோம். தரைமட்டத்திலே ஒரு கனமீற்றர் வளியின் திணிவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். 400 கி.மீ. உயரத்திலே அது ஒரு கிலோகிராமின் இலட்சங் கோடியில் சில பங்கு மாத்திரமே. ஆய்வுகூடத்தில் இத்தகைய வெளியை நாம் வெற்றிடம் என்றே அழைப்போம். ஆயினும், செக்கனுக்கு 7.7 கி.மீ. வேகத்தில் அதனூடு பாயும் செய்மதிக்கு அது வெற்றிடமன்று. சர்வதேச விண்வெளி நிலையம் இவ்வளியின் இழுவையால் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2 கி.மீ. தாழ்ந்துவிடுகின்றது, அவ்வப்போது உந்தி உயர்த்தாவிடின் வீழ்ந்தேவிடும். இவ்வடர்த்தி நிலையானதுமன்று. சூரியனின் பதினோராண்டு வட்டத்தின் தாழ்விலிருந்து உச்சத்துக்கு வருகையில் அது அவ்வுயரத்திலே ஏறத்தாழப் பத்து மடங்காகின்றது. பிற்பகலில் வீங்குகின்றது, நள்ளிரவின் பின் ஒடுங்குகின்றது. ஏப்பிரல், ஒற்றோபர் மாதங்களையொட்டி உயர்ந்து யூலையில் தாழ்கின்றது. காந்தப்புயல் ஏற்படுமாயின் சில மணித்தியாலங்களுக்குள் பன்மடங்காகின்றது. கலவையும் ஒன்றாயிருப்பதில்லை: 400 கி.மீ. அளவில் ஒட்சிசன் அணுக்களே மிகுதி. மேலே செல்லச் செல்ல ஈலியமும் பின் ஐதரசனும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இவற்றை மனிதர் எவ்வாறு அறிந்தனர்? இத்துறையின் தொடக்கம் மிக நேர்மையானது. 1957 ஒற்றோபர் 4ஆந் திகதி ஏவப்பட்ட முதலாம் ஸ்புட்னிக் மூன்று மாதங்களில், 1958 சனவரி 4ஆந் திகதி எரிந்து வீழ்ந்தது. அதன் ஒழுக்கு, அதாவது சுற்றுப்பாதை, நாளுக்கு நாள் சுருங்கியதைக் கணித்தோர், அதற்கு முன்னர் ஏற்கப்பட்டிருந்த அடர்த்தி மதிப்பீடுகள் உண்மையிலும் குறைவானவை எனக் கண்டனர். இங்கிலாந்தில் பார்ன்பரோவிலே டெஸ்மண்ட் கிங்-ஹீலியும், அமெரிக்காவில் சிமித்சோனியன் வானியல் அவதான நிலையத்திலே லூயிஜி யாக்கியாவும் செய்த பணி பெரிது. செய்மதிகளின் வீழ்ச்சி வீதம் ஏறத்தாழ 27 நாளுக்கொருமுறை கூடிக் குறைவதை யாக்கியா கவனித்தார். சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதாகப் பூமியிலிருந்து தோன்றும் காலம் அது. காந்தப்புயலின்போது இழுவை திடீரென மிகுவதைக் கண்டவரும் அவரே. இவையெல்லாம் காண்டலின்பாற்படுவன. இவற்றைச் செய்தவர்களுக்கு எம்முடைய மறுப்புரையில் இடமில்லை, வணக்கமே உண்டு.

எனினும் அன்றே ஒரு குறையும் உடன் பிறந்தது. செய்மதியின் வீழ்ச்சியிலிருந்து பெறப்படுவது அடர்த்தியன்று. அடர்த்தியையும் செய்மதியின் இழுவைக் குணகத்தையும் பெருக்கி வரும் தொகையே. அக்குணகமோ, செய்மதியின் மேற்பரப்பிலே மோதும் அணுக்கள் எவ்வாறு திரும்பித் தெறிக்கின்றன என்பதைப் பொறுத்தது. மேற்பரப்பிற் படிந்துள்ள ஒட்சிசன் அணுக்களின் அளவு, உயரம், செய்மதியின் வடிவம் ஆகியன மாற அதுவும் மாறும். இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கக் கையாளப்பட்ட வழி யாது? குணகம் 2.2 என்று வைத்துக்கொண்டார்கள். அவ்வெண்ணைக் கொண்டு பெறப்பட்ட அடர்த்திகளிலிருந்து மாதிரியுருக்கள் சமைக்கப்பட்டன. அம்மாதிரியுருக்களைக் கொண்டு இழுவையைக் கணிப்போரும் மீண்டும் 2.2 என்றே வைத்துக் கணித்தனர். விடை சரியாக வந்தது. வராது எவ்வாறு? ஒரே கள்ளப்படியால் வாங்கி அதே கள்ளப்படியால் விற்பவனுக்குக் கணக்கு நேராகவே இருக்கும். வேறொருவனுடைய படியோடு ஒப்பிடும்போதே குட்டு வெளிப்படும். இன்று ஒரே செய்மதியின் ஒரே அளவீட்டிலிருந்து வெவ்வேறு ஆய்வுக் குழுவினர் பெறும் அடர்த்திகள் பத்துச் சதவீதத்துக்கு மேலும் வேறுபடுகின்றன எனின், அவ்வேறுபாடு வானத்தில் உள்ளதன்று; குணகத்தில் உள்ளது.

அடுத்தது புகை பற்றிய விடயம். மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கி விரியச் செய்வது சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களுள் மிகக் குறுகிய அலைநீளமுடைய பகுதியே. அக்கதிர்களை அவ்வளிமண்டலமே முற்றாக உறிஞ்சிவிடுவதால் தரையிலிருந்து அவற்றை அளத்தல் இயலாது. ஆதலின் அதற்குப் பிரதியாக வேறொன்றைத் தேர்ந்தனர். கனடாவிலே ஆதர் கொவிங்டன் தொடக்கிவைத்து 1947 முதல் நாள் தவறாது அளக்கப்பட்டுவரும், 10.7 சதமமீற்றர் அலைநீளச் சூரிய வானொலிக் கதிர்வீச்சே அது. வளிமண்டலத்தை இவ்வானொலி அலை ஒரு பாகையேனும் சூடாக்குவதில்லை. சூரியன் கொதிக்கும்போது இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே உயர்கின்றன என்பதொன்றே அதன் தகுதி. காந்தப்புயலை அளக்கக் கொண்ட கே.பி. சுட்டெண்ணும் இத்தகையதே. 1949இல் ஜூலியஸ் பார்ட்டெல்ஸ் வகுத்த அது, பதின்மூன்று காந்த அவதான நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து மூன்று மணித்தியாலத்துக்கு ஓரெண்ணாகத் தருவது. அதன் உச்சம் 9. புயல் அதனினும் எத்துணை கடுமையாயினும் எண் 9இலேயே நின்றுவிடும். துருவ வளிமண்டலத்திலே கொட்டப்படும் சக்தியை அது அளப்பதில்லை. அச்சக்தியோடு தொடர்புடைய மின்னோட்டங்களால் தரையிலே காந்தவூசி எவ்வளவு அசைந்தது என்பதையே கூறுகின்றது.

ஒரு மலையிற் கண்ட புகையை வைத்து அடுத்த மலையில் நெருப்புண்டென்று சாதிப்பதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. இரு மலைகளிலும் ஒருங்கே தீ மூளும் காலமெல்லாம் இக்கருதல் பலிக்கும். 2008ஆம் ஆண்டை அடுத்த சூரியத் தாழ்விலே அது பலிக்கவில்லை. அக்காலத்து அடர்த்தி, முந்திய தாழ்வுகளை வைத்து எதிர்பார்த்ததினும் ஏறத்தாழ முப்பது சதவீதம்வரை குறைந்து காணப்பட்டது. விண்வெளி யுகத்திலே அதுவரை அறியப்பட்டிராத குறைவு. வானொலிச் சுட்டெண் மிகச் சிறிதளவே குறைந்திருந்தது. கதிர்வீச்சின் குறைவும், காந்தப்புலத்தின் அமைதியும், கூடிவரும் காபனீரொட்சைட்டு மேல்வளியைக் குளிர்விப்பதும் சேர்ந்தே இதனை விளைத்தன என்பர். காபனீரொட்சைட்டு கீழே வெப்பத்தைத் தேக்கினும், ஐதான மேல்வளியிலே வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்வீசி இழக்கச் செய்கின்றது; இதனை ரோபிளும் டிக்கின்சனும் 1989இலேயே எதிர்வுகூறினர். எந்த வானொலி அலையும் இச்செய்தியைச் சொல்லாது.

இங்கு எதிர்வாதம் ஒன்று எழும். மாதிரியுருக்கள் திருந்தி வந்துள்ளனவே, யாக்கியாவின் 1971ஆம் ஆண்டு மாதிரியுருவோடு அவை நின்றுவிடவில்லையே என்பர். உண்மை. செய்மதிகளிற் சென்ற திணிவுத் திருசியமானிகளையும் தரையிலுள்ள ராடர்களையும் ஆதாரமாகக் கொண்ட எம்.எஸ்.ஐ.எஸ். வரிசை 1977இல் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு பிரான்சிலே டி.டி.எம். உருவாயிற்று, ஜே.பி. 2008, செய்மதிகள் அளந்த ஊதாக்கடந்த கதிர்ச் சுட்டெண்களையே பயன்படுத்தியது. இப்பெயர்களை அடுக்குவது எளிது. ஆனால் 1970களின் மாதிரியுருக்களுக்கு இருந்த ஏறத்தாழப் பதினைந்து சதவீத வழு, அவற்றின் வழிவந்தவற்றிலே நெடுங்காலம் சற்றும் அசையாது நின்றது. சூத்திரங்கள் நீண்டன, குணகங்கள் நூற்றுக்கணக்காயின, வழு மட்டும் குடியிருந்த வீட்டைவிட்டு எழவில்லை. உணவில்லாதவனுக்குப் புதிய தட்டு எதற்கு? குறைவாயிருந்தது கணிதமன்று, தரவு.

பதினைந்து சதவீதந்தானே, அதனாற் குடிமுழுகிப் போகுமோ என்று கேட்போருக்குக் கணக்கொன்றைக் காட்டலாம். நாளொன்றுக்கு 70 மீற்றர் தாழும் செய்மதியை எடுத்துக்கொள்வோம். தாழ்ந்த ஒழுக்கிலே வேகம் அதிகமாகையால், இழுவைக்குட்பட்ட செய்மதி பின்தங்குவதில்லை, முந்திச் செல்கின்றது. (பௌதிக மாணவரைத் தேர்வில் மடக்குதற்கு இதனைப்போல் இனிய வினா வேறில்லை.) ஒரு நாளிலே அது முந்திய தூரம் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். அடர்த்தியிற் பதினைந்து சதவீத வழு, அத்தூரத்தில் முக்காற் கிலோமீற்றர் வழுவாகும். அது காலத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் மூன்று நாளில் ஆறேழு கிலோமீற்றராகும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்மதிகள் இயங்கும் இன்றைய வானிலே, இரண்டு பொருள்கள் மோதுமா விலகுமா என்பதை நூற்றுக்கணக்கான மீற்றர்களே தீர்மானிக்கின்றன. 2024 மே மாதத்துப் பெரும் காந்தப்புயலின்போது ஆயிரக்கணக்கான செய்மதிகள் ஒருங்கே தம் உயரத்தை மீட்க உந்தின. அவ்வேளை எது எங்கே இருக்குமென எதிர்வுகூறல் மிக அரிதாயிற்று.

பெரும்புயல்தான் வேண்டுமென்பதுமில்லை. 2022 பெப்ரவரி 3ஆந் திகதி ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளை ஏவி, ஏறத்தாழ 210 கி.மீ. உயரத்தில் விட்டது. அதனையொட்டி ஏற்பட்டது சிறு தரக் காந்தப்புயலே. ஆயினும் முந்திய ஏவல்களோடு ஒப்பிடுகையில் இழுவை ஐம்பது சதவீதம்வரை மிகுந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. 38 செய்மதிகள் மேலெழ இயலாது எரிந்து வீழ்ந்தன. அதற்கு நாற்பதாண்டுகளுக்கு மேலாக, 1979 யூலை 11ஆந் திகதி ஸ்கைலாப் நிலையம் எதிர்பார்த்ததற்கு முன்பே வீழ்ந்து மேற்கு அவுஸ்திரேலியாவிலே சிதறியதும், சூரியச் செயற்பாடு மதிப்பிட்டதினும் மிகுந்தமையாலேயே. இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலே எத்தனை மாதிரியுருக்கள் வந்து போயின என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அறியாமை இருப்பது எங்கே என்பதை நம்முடைய கடலோரமே ஒருமுறை காட்டிற்று. 2015 நவம்பர் 13ஆந் திகதி டபிள்யூ.ரி.1190எப். என்னும் விண்கழிவுத் துண்டொன்று இலங்கையின் தென்கடலுக்கு மேலே எரிந்து வீழ்ந்தது. அது வீழும் இடமும் நேரமும் வாரக்கணக்கில் முன்னதாகவே கணிக்கப்பட்டிருந்தன. ஒரு நிமிடமளவிற்கூடக் கணிப்புப் பெரிதும் பிழைக்கவில்லை. சந்திரனுக்கும் அப்பாற் சென்று மீண்ட அத்துண்டு மேல்வளியிலே உழலாது நேரே வந்து விழுந்தமையே காரணம். ஈர்ப்பு விசைகளை நாம் நன்கறிவோம். சீனாவின் தியன்கொங்-1 நிலையமோ மாதக்கணக்கில் மேல்வளியை உரசி உரசித் தாழ்ந்தது. 2018 ஏப்பிரல் 2ஆந் திகதி அது தென் பசுபிக் சமுத்திரத்தில் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்னரும், எந்த நாளில் வீழும் என்றே திட்டமாகக் கூற முடியவில்லை. நேரந் தெரியாவிடின் கண்டமும் தெரியாது. முன்னையதில் அறிந்திருந்ததும் பின்னையதில் அறியாதிருந்ததும் வேறு எதுவுமன்று, அடர்த்தியே.

ஆயின் காண்டலுக்கு வழியில்லையா? உண்டு. செய்மதியின் மையத்திலே சிறு திணிவொன்றை எதனையுந் தொடாவண்ணம் மின்விசையால் நிறுத்தி, செய்மதி இழுவையால் எவ்வளவு பின்னிழுக்கப்படுகின்றது என அளக்கும் ஆர்முடுகல்மானி, அடர்த்தியின் ஏற்றவிறக்கத்தைச் செக்கனுக்குச் செக்கன் காட்டவல்லது. 2000ஆம் ஆண்டு ஏவப்பட்ட ஜேர்மனியின் சாம்ப், 2002இன் கிரேஸ், 2009இன் கோச்சே ஆகியவை இதனாலேயே மேல்வளியை நமக்குக் காட்டின. 2003 ஒற்றோபர் இறுதியின் புயல்களிலே அடர்த்தி மூன்று நான்கு மடங்கானதைச் சாம்பும் கிரேசும் நேரிற் பதிந்தன. காந்த மத்தியகோட்டின் மேலே அடர்த்தி சற்றுத் தாழ்ந்தும், அதன் இருமருங்கிலும் உயர்ந்தும் இருப்பதைச் சாம்ப் கண்டறிந்தது. இதில் வேடிக்கை யாதெனில், இச்செய்மதிகளுள் எதுவும் மேல்வளியை அளப்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டு அனுப்பப்பட்டதன்று. அவை புவியீர்ப்பை அளக்கச் சென்றவை. ஈர்ப்பின் கணக்கிலிருந்து கழித்துவிடவேண்டிய இடையூறாகவே இழுவை அங்கு அளக்கப்பட்டது. ஒருவர் வீட்டிற் கழித்தெறிந்ததைப் பொறுக்கியே மற்றவர் வீட்டில் உலை ஏறிற்று. மேல்வளிக்கென்றே 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் திணிவுத் திருசியமானிகளோடு சென்ற செய்மதிகளை அடுத்து, அத்தகைய முயற்சி தொடர்ச்சியாக அமையவில்லை. வெப்பநிலையைத் தரையிலிருந்து அளந்துவந்த அரசிபோவின் பெரும் ராடரும் 2020 திசெம்பரில் இடிந்து வீழ்ந்தது.

மூன்றாவதாகிய உரையைப் பற்றியும் கூறுதல் வேண்டும். அமெரிக்க விமானப்படை உருவாக்கிய முறையொன்று, எழுபதுக்கு மேற்பட்ட பழைய செய்மதிகளையும் கழிவுகளையும் இடையறாது அவதானித்து மாதிரியுருவை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருத்துகின்றது. அதன் வழு மற்றையவற்றினும் வெகு குறைவு. காண்டலாற் கருதலைத் திருத்தும் இம்முறையே எமது வாதத்துக்கு உற்ற சான்று. ஆனால் அதன் பெறுபேறுகள் உடனுக்குடன் உலகுக்குக் கிடைப்பதில்லை. 2000 முதல் 2019 வரையான பழங்கணக்கே ஆய்வாளருக்காக 2021இல் வெளியிடப்பட்டது. ஆப்தன் கூறக் கேட்டு நம்பு என்பதே ஏனையோரின் நிலை. தனியார் நிறுவனங்களின் ஆயிரக்கணக்கான செய்மதிகள் ஒவ்வொன்றும் ஜி.பி.எஸ். வாங்கியைச் சுமந்து செல்கின்றன. தாம் எவ்வளவு தாழ்ந்தோம் என்பதை அவை ஒவ்வொன்றும் அறியும். அத்தரவு முழுவதும், உந்திகள் இயங்கிய நேரங்களோடும் செய்மதியின் வடிவம், திணிவு பற்றிய விபரங்களோடும் வெளியிடப்படுமாயின், மேல்வளி பற்றி இதுகாறும் இருந்திராத அளவீட்டு வலை ஒன்று ஒரே நாளிற் கிடைத்துவிடும். வானத்தை எல்லோருக்கும் பொதுவென்று சொல்லி அதில் இலாபமீட்டுவோரிடம், அவ்வானத்தைப் பற்றிய எண்களைக் கேட்பது பிச்சையன்று, உரிமை. ஒழுக்கிலே இடம் பெறுவதற்கான அனுமதியோடு இக்கடப்பாட்டையும் பிணைத்தல் வேண்டும்.

இறுதியாக, இவையெல்லாம் வல்லரசுகளின் விளையாட்டு, சிறு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இதில் என்ன வேலை என்று சலித்துக்கொள்வோர் நம்மிடையே உளர். சலிப்புக்கு ஆதாரம் வறுமையெனின் அதனை மறுக்கவியலாது, அறிவெனின் மறுத்தேயாகவேண்டும். காந்த மத்தியகோடு நமக்கு அருகாகவே செல்கின்றது. 1963 நவம்பர் 21ஆந் திகதி இந்தியா தன் முதல் ஆராய்ச்சி உந்துகணையைத் தும்பாவிலிருந்து ஏவி, வானிலே சோடிய ஆவியைப் பரப்பி மேற்காற்றை ஆராய்ந்ததும் அதனாலேயே. சாம்ப் கண்ட தாழ்வு நம் தலைக்கு மேலேயே உள்ளது. இலங்கையின் முதற் செய்மதியாகிய ஒரு கிலோகிராம் அளவான இராவணா-1, 2019 யூன் 17ஆந் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 400 கி.மீ. உயரத்தில் விடப்பட்டது, சூரியத் தாழ்வின் அமைதியிலே சுற்றிய அது, சூரியன் விழிக்கத் தொடங்கிய பின்னர் இழுபட்டு எரிந்துபோயிற்று. அதன் ஒழுக்கு எண்கள், விண்ணிலுள்ள மற்றைய ஆயிரக்கணக்கான பொருள்களின் எண்களைப் போலவே, ஏவிய நாள்முதல் வரிசையாகப் பதியப்பட்டுள்ளன. கேட்போருக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. இத்தகைய எண்களைக் கொண்டே, ஏறத்தாழ ஐயாயிரம் பொருள்களின் வீழ்ச்சியிலிருந்து 1967 முதலான அடர்த்தி வரலாறு கணிக்கப்பட்டது. அதற்கு உந்துகணை தேவைப்படவில்லை. இராவணா-1இன் வடிவமோ எளிய கனசதுரம், திணிவும் தெரிந்ததே. 2019க்கும் அதன் இறுதி நாளுக்கும் இடையில் அது கடந்த வளியின் அடர்த்தியை நாளுக்கு நாள் கணித்து, மாதிரியுருக்கள் கூறுவதோடு ஒப்பிட்டு வெளியிடுவதற்கு வேண்டியது, இறுதியாண்டுப் பௌதிக மாணவர் ஒருவரும், ஒரு கணினியும், குணகத்தை 2.2 என்று வைத்துக்கொள்ள மறுக்கும் மேற்பார்வையாளர் ஒருவருமே.